தாத்தாவும் மு. கருப்பையா, பேரனும் மு. கருப்பையா

உசிலம்பட்டிப் பக்கம் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் பழக்கம் இன்னும் விட்டுப்போகவில்லை. பேரன் என்ற சொல்லே பெயரன்தானே. அப்பா பெயரும் அப்படியே மாறி மாறி வந்தால், தாத்தா மு. கருப்பையா, பேரனும் மு. கருப்பையா. ஒரே வீடு, ஒரே ரேஷன் கார்டு, பல வீடுகளில் ஒரே செல்போன் நம்பர். ஆஸ்பத்திரி ஓ.பி. கவுண்ட்டரில் வரிசை வாசலைத் தாண்டி நிற்கும்போது, கம்ப்யூட்டரில் பெயரைத் தட்டியதும் வரும் முதல் ஆளை ஊழியர் அழுத்திவிட்டால், பேரனின் காய்ச்சல் தாத்தாவின் சர்க்கரைக் கணக்கில் ஏறிவிடும்.

ஒரே ஆளுக்கு இரண்டு பதிவு விழுந்தால் பழைய எக்ஸ்ரே கிடைக்காது. ரத்தப் பரிசோதனையை மறுபடி எடுக்கவேண்டும். காசும் அரை நாளும் போகும். இரண்டு பேர் ஒரே பதிவில் விழுந்தாலோ, ஒருவருக்குச் சேராத மருந்து இன்னொருவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். இரட்டைப் பதிவுகளை ஒழித்துவிட்டோம் என்று மென்பொருள்காரர்கள் மார்தட்டும்போதெல்லாம் எனக்கு உதறல் எடுப்பது இதனால்தான். சந்தேகம் இருந்தால் இரண்டாகவே கிடக்கட்டும்.

2021 செப்டம்பர் 27 அன்று நாடு முழுவதற்கும் வந்த ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தின் 14 இலக்க ஆபா எண் இந்தப் பெயர்க் குழப்பத்துக்கு ஒரு மருந்து. நல்ல மருந்துதான். மேலூர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் மதுரை ஸ்கேன் சென்டரிலும் அதே எண் என்றால், மஞ்சப்பையில் ரிப்போர்ட்டுகளைச் சுமக்க வேண்டாம். யார் பார்க்கலாம் என்பதற்கு நோயாளியின் சம்மதமும் கேட்கப்படுகிறது. ஆனால் அந்தச் சம்மதம் ஓ.டி.பி.யாகப் போய்ச் சேரும் போன், அம்மா மதுரையில் நிற்க, திருப்பூரில் வேலை பார்க்கும் மகன் பையில் இருக்கும்.

எண்ணுக்கு அடியில் இருக்கும் விவரங்களும் ஆட்டம் காண்கின்றன. ஆதாரில் பிறந்த வருஷம் மட்டும் உள்ள முதியவர்கள் ஏராளம். நாளும் மாதமும் இல்லாமல் நகராத மென்பொருளில் அவர்கள் எல்லாரும் ஜனவரி 1-இல் பிறந்துவிடுகிறார்கள். 'லாஸ்ட் நேம்' கட்டத்தில் ஒருவர் இனிஷியலைப் போடுவார், இன்னொருவர் ஒரு புள்ளி வைப்பார். கல்யாணமானால் பெண்ணின் இனிஷியலே மாறும். ஒலியை வைத்துப் பெயர் தேடும் சவுண்டெக்ஸ், அமெரிக்காவில் 1918-இல் காப்புரிமை பெற்ற முறை. ஆங்கில முதலெழுத்தை அப்படியே பிடித்துக்கொள்ளும். 'ஜி'யில் எழுதிய கணேசனும் 'கே'யில் எழுதிய கணேசனும் அதற்கு வேறு வேறு ஆள். பெயரைத் தமிழிலேயே பதிந்து தமிழிலேயே தேடினால் இந்தத் தொல்லை பாதி தீரும்.

இவற்றோடு ஒப்பிட்டால் பிக்மி தேறுகிறது. 2008-இல் தமிழ்நாடு தொடங்கிய இந்தக் கர்ப்பிணிப் பதிவில் கிடைக்கும் ஆர்.சி.எச். எண் 12 இலக்கம். உசிலம்பட்டியில் வாக்கப்பட்டவள் வளைகாப்பு முடிந்து மேலூர் தாய்வீட்டுக்கு வந்தாலும் எண் கூடவே வருகிறது. முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் 18,000 ரூபாய் உதவி அதோடு பிணைந்திருப்பதால் தொலைப்பவர் குறைவு. எல்லாவற்றுக்கும் மேலாக, எண்ணுக்குப் பின்னால் முகம் தெரிந்த நர்சம்மா ஒருவர் இருக்கிறார். குறையும் உண்டு: பிறப்புச் சான்றிதழுக்கே அந்த எண் வேண்டும் என்று வைத்ததால், செங்கல் சூளைக்கு ஊர் மாறி வந்த பெண் நிறைமாதத்தில் அதற்காக அலையவேண்டியிருக்கிறது. அடையாளம் காட்டவந்த எண் அங்கே வாசலை அடைத்து நிற்கிறது.

ஒரு நர்சம்மாவின் நோட்டைப் புரட்டிப் பார்த்திருக்கிறேன். ஒரே பெயர் வரும் இடங்களில் ஓரத்தில் பென்சிலால் 'பெரியவர்', 'சின்னவன்', 'டீக்கடை', 'மில்லுக்காரர்'. கம்ப்யூட்டரில் ஏற்றும்போது இதையெல்லாம் எங்கே போடுவீர்கள் என்று கேட்டேன். "அதுக்குக் கட்டம் இல்லையே சார்" என்றார்.