நிலப்பட்டயமும் நீதிமன்றப் பதிவேடும்: ஆந்தனி ஜான்சன் என்னும் மூதாதை

வர்ஜீனியாவில் செசபீக் விரிகுடாவுக்குக் கிழக்கே கடலோரமாக நீளும் குறுகிய நிலப்பகுதியைக் கிழக்குக் கரை என்பர். அங்குள்ள நார்தாம்ப்டன் கவுண்டியின் நீதிமன்றப் பதிவேடுகள் 1632 முதல் இடையறாது கிடைக்கின்றன. அமெரிக்காவின் ஆங்கிலக் குடியேற்றங்களில் இவ்வளவு தொன்மையும் தொடர்ச்சியும் உடைய கவுண்டிப் பதிவுகள் வேறில்லை. ஆந்தனி ஜான்சன் என்னும் ஆப்பிரிக்கரை, அடிமையாக வந்து புகையிலைத் தோட்ட உடைமையாளராக உயர்ந்தவரை, நாம் இன்று அறிந்திருப்பது பெரும்பாலும் இப்பதிவேடுகளால்தான். டி. எச். பிரீன், ஸ்டீபன் இன்னஸ் ஆகியோர் 1980இல் வெளியிட்ட 'மைன் ஓன் கிரவுண்ட்' என்னும் நூல் அவரைக் கல்வியுலகில் நிலைநிறுத்தியது. அதன்பின் குடிவழி தேடுவோர்க்கு அவர் பெருமைக்குரிய மூதாதையானார். அடிமைமுறையின் பழியை வேறு தோளுக்கு மாற்ற விரும்புவோர்க்கு 'முதல் அடிமையுடைமையாளர்' ஆனார். இரு சாராரும் காட்டும் சான்றுகள் ஒரே தாள்களிலிருந்து எடுக்கப்பட்டவை. அத்தாள்கள் எவ்வளவு பொருளைத் தாங்கும் என்பதே இக்கட்டுரையின் வினா.

1621இல் வர்ஜீனியாவுக்கு 'நீக்ரோ அந்தோனியோ' என ஒருவர் கொண்டுவரப்பட்டார். மறுஆண்டு மேரி என்னும் ஆப்பிரிக்கப் பெண் வந்தார். 1625ஆம் ஆண்டின் குடிக்கணக்கில் இருவரும் ஒரே தோட்டத்தில் காணப்படுகின்றனர். கால் நூற்றாண்டுக்குப்பின் நார்தாம்ப்டனில் நிலமும் கால்நடையும் உடைய ஆந்தனி, மேரி ஜான்சன் இணையர் இவர்களே என்பது ஓர் ஊகம். ஆயினும் வலுவான ஊகம். 1653இல் தீ விபத்தால் நலிந்த இக்குடும்பத்தின் விண்ணப்பத்தை ஏற்ற நீதிமன்றம், அவர்கள் முப்பதாண்டுக்கு மேலாக வர்ஜீனியாவில் வாழ்ந்தவர்கள் எனக் குறித்து, மேரிக்கும் இரு மகள்களுக்கும் வாழ்நாள் தலைவரி விலக்கு அளித்தது. ஆண்டுக்கணக்கு பொருந்துகிறது. 1643ஆம் ஆண்டுச் சட்டம் ஆங்கிலப் பெண்களை விடுத்து ஆப்பிரிக்கப் பெண்கள்மீது மட்டும் அவ்வரியைச் சுமத்தியிருந்தது. எனவே ஒரு சிற்றூர் நீதிமன்றத்தின் இவ்விரக்கம், மூன்று பெண்களை ஆங்கிலப் பெண்களின் நிலைக்கு உயர்த்தியது எனலாம்.

நூலின் தலைப்பு நிற்கும் சான்று அத்தகையதன்று. 1645ஆம் ஆண்டுப் பதிவொன்றில், ஓர் ஆங்கிலேயருடன் சோளக்கொல்லையைப் பங்கிட்டுக்கொண்ட 'நீக்ரோ ஆந்தனி', இனித் தன் நிலம் எதுவெனத் தனக்குத் தெரியுமென்றும், உழைப்பதும் ஓய்வதும் தன் விருப்பமென்றும் கூறுகிறார். பதிவில் குடும்பப்பெயர் இல்லை. அதே கவுண்டியில் ஆந்தனி லாங்கோ என்னும் மற்றொரு ஆப்பிரிக்க உழவரும் இருந்தார்; 1655இல் அழைப்பாணை கொண்டுவந்த அலுவலரை ஏசி விரட்டியவர் அவர். 1645இல் ஒலிக்கும் குரல் இவர் குரலாகவும் இருக்கலாம். பிரீன், இன்னஸ் இருவரும் பதிவேடுகளைப் பொறுமையோடு பயின்றவர்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் தங்கள் நூலின் உயிர்நாடியான வாக்கியத்தை ஜான்சன் வாயில் வைத்தபோது, அவர்கள் வரலாற்றாசிரியர் என்பதைவிடக் கதைசொல்லிகளாகவே செயற்பட்டனர்.

நிலப்பட்டயத்தைப் படிப்பதில் இன்னும் பெரிய பிழை நேர்கிறது. 1651இல் ஜான்சன் 250 ஏக்கர் பெற்றார். தன் செலவில் ஓர் ஆளைக் குடியேற்றத்துக்குக் கொண்டுவருபவருக்குத் தலைக்கு 50 ஏக்கர் என்பது அக்கால விதி. இதனைத் தலையுரிமை எனலாம். ஆகவே அவர் ஐந்து வேலையாட்களை இறக்குமதி செய்தார் என்று எளிதாகக் கூறிவிடுகின்றனர். பட்டயத்தில் உள்ள ஐந்து பெயர்கள்: டாமஸ் பெம்ரோஸ், பீட்டர் பக்பி, ஆந்தனி கிரிப்ஸ், ஜான் ஜெசொரோரோ, ரிச்சர்டு ஜான்சன். கடைசிப் பெயர் ஆந்தனியின் மகனுடையது! வர்ஜீனியாவிலேயே வளர்ந்த மகனை எக்கப்பலில் இறக்குமதி செய்திருக்க முடியும்? தலையுரிமைகள் அன்று புகையிலைபோல வாங்கி விற்கப்பட்டன. அப்பட்டியல் நிலம் பெறுவதற்கான கணக்கு. வீட்டில் இருந்தோரின் பட்டியலாக அதனைக் கொள்ள இயலாது. இவ்விடத்தில் மற்றொரு வரியும் நினைவுக்கு வருகிறது. 1630களின் தலையுரிமைப் பட்டியலொன்றில் 'கிழக்கிந்தியன் டோனி' என ஒருவர் உள்ளார். அவ்வொற்றை வரியிலிருந்து பிருந்தா சாரி, 'தி ஈஸ்ட் இந்தியன்' (2023) புதினத்தில் சோழமண்டலக் கரையின் தமிழ்ச் சிறுவனொருவனைப் படைத்தார். புதினத்துக்கு அவ்வுரிமை உண்டு. குடிவழி வரைபவர்க்கு இல்லை.

இனி ஜான் கேசர் வழக்கு. ஜான்சன் தோட்டத்தில் உழைத்த ஆப்பிரிக்கரான கேசர், தாம் ஏழெட்டு ஆண்டு ஒப்பந்தத்தில் வந்தவர் என்றும், காலம் கடந்து மேலும் ஏழாண்டுகள் தம்மை ஜான்சன் பிடித்துவைத்திருக்கிறார் என்றும் கேப்டன் சாமுவேல் கோல்ட்ஸ்மித்திடம் முறையிட்டார். ஒப்பந்தம் எதையும் தாம் கண்டதில்லை என்றும், கேசர் வாழ்நாள் முழுதும் தமக்குரியவர் என்றும் ஜான்சன் மறுத்தார். அண்டைத் தோட்டத்து ராபர்ட் பார்க்கர் கேசருக்குத் துணைநின்றார். மனைவியும் மக்களும் மருமகனும் விடுவிக்குமாறு வற்புறுத்தவே ஜான்சன் இணங்கினார். கேசர் வழக்காடினால் மாடுகள் பறிபோகும் என்னும் அச்சமும் வாக்குமூலத்தில் பதிவாகியுள்ளது. பின்னர் மனம் மாறி வழக்குத் தொடுத்தார். கேசரை ஜான்சனிடம் திருப்பி அனுப்புமாறும், பார்க்கர் வழக்குச் செலவை ஏற்குமாறும் தீர்ப்பாயிற்று. நாள், மார்ச் 8. ஆண்டு 1654 எனச் சிலரும் 1655 எனச் சிலரும் எழுதுவது கண்டு மயங்கவேண்டியதில்லை. அக்கால ஆங்கில நாட்காட்டியில் புத்தாண்டு மார்ச் 25 அன்றே பிறந்தது. பதிவேட்டின் 1654 நமது 1655.

பெரியபுராணத்தின் தடுத்தாட்கொண்ட புராணத்திலும் அடிமைவழக்கு ஒன்று உண்டு. திருவெண்ணெய்நல்லூர் அவையில் முதியவர் நீட்டும் ஓலையின் கையெழுத்தை, பாட்டனின் பிற எழுத்தோடு ஒப்பிட்டே அவையோர் தீர்ப்பளிக்கின்றனர். நார்தாம்ப்டனில் ஓலை இல்லை. கேசரிடம் ஒப்பந்தம் இல்லை. வாழ்நாள் உரிமையைக் காட்டும் ஆவணம் ஜான்சனிடமும் இருந்ததாகப் பதிவில் இல்லை. ஆவணமின்மையால் விளைந்த இழப்பு ஒரு பக்கத்தாருக்கு மட்டுமே நேர்ந்தது. இவ்வழக்கைப் பற்றி எழுதுவோர் பலர் இதனை ஏனோ கவனிப்பதில்லை. 'முதல் அடிமையுடைமையாளர்' என்னும் பட்டமும் நிலைக்காது. 1640இலேயே தப்பியோடிய மூவருள் இரு ஐரோப்பியருக்குக் கூடுதலாக நான்காண்டு ஊழியமும், ஆப்பிரிக்கரான ஜான் பஞ்சுக்கு மட்டும் வாழ்நாள் ஊழியமும் வர்ஜீனியப் பொதுநீதிமன்றம் விதித்திருந்தது.

சொத்து, இனத்தின் தடையை அக்காலத்தில் வெல்ல முடிந்தது என்பது பிரீன், இன்னஸ் ஆகியோரின் வாதம். 1655ஆம் ஆண்டுத் தீர்ப்பு அதற்குத் துணைநிற்கும். 1660களில் ஜான்சன் குடும்பம் மேரிலாந்துக்குப் பெயர்ந்து, 300 ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்தது. 1670இல் ஆந்தனி இறந்தார். அவ்வாண்டே வர்ஜீனிய ஜூரி ஒன்று, அவர் நீக்ரோ என்பதால் அயலார் என முடிவுசெய்து, அவர் விட்டுவந்த நிலம் பறிக்கப்பட வழிசெய்தது. பட்டயம் தந்த ஆட்சியே அதனைச் செல்லாததாக்கிற்று. 1677இல் பேரன் ஒருவர் மேரிலாந்தில் 44 ஏக்கர் வாங்கி 'அங்கோலா' எனப் பெயரிட்டார். அவருக்கு வாரிசில்லை. 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதிக்குள் குடும்பமே மறைந்தது என்று எழுதுவது வழக்கம். மறைந்தது பதிவா, குடும்பமா என்று கேட்பவர் குறைவு. நிலமிழந்தோர் பதிவேட்டுக்குள் வர வாயில்கள் சிலவே.

பதிவேடுகள் தப்பியதும் அழிந்ததும் இவ்வாய்வின் போக்கைப் பெரிதும் தீர்மானித்துள்ளன. 2012இல் ஆன்செஸ்ட்ரி நிறுவன ஆய்வாளர்கள், ஜான் பஞ்சை பராக் ஒபாமாவின் தாய்வழி மூதாதை என அறிவித்தனர். பஞ்ச், பன்ச் என்னும் குடும்பப்பெயர்களின் ஒலியொற்றுமையும் மரபணுச் சோதனையுமே இடையில் உள்ள பாலம். வர்ஜீனியாவின் பல கவுண்டிகளில் ஆவணங்கள் தீக்கிரையானமையால் முடிந்த முடிபான சான்று கிடைக்கவில்லை என்பதை அவர்களும் ஒப்புக்கொண்டனர். அக்கவுண்டிகளிலும் ஜான்சனைப் போன்றோர் சிலர் வாழ்ந்திருக்கலாம். நார்தாம்ப்டனின் ஏடுகள் எரியாமல் தப்பியதால் ஜான்சன் விதிவிலக்கானவராகத் தோன்றுகிறார் என்னும் ஐயத்தைப் பிரீன், இன்னஸ் நூல் முழுமையாக எதிர்கொள்ளவில்லை.

கேசர் தீர்ப்புக்குப்பின் ஜான்சன் குடும்பத்துடனேயே மேரிலாந்து சென்றார். பதிவுகளில் அவர் பெயர் கேசர், கசாரா எனப் பலவாறு எழுதப்பட்டுள்ளது. 1651ஆம் ஆண்டுப் பட்டயத்தின் ஜெசொரோரோவும் அவரே எனக் கருத ஒலி இடம் தருகிறது. உறுதிசெய்ய வேறு சான்றில்லை. ஜான்சன் குடும்பத்தைத் தேடுபவர் பெயரடைவில் ஓர் எழுத்தின்கீழ்ப் பார்த்தால் போதும். கேசரைத் தேடுபவர் குறைந்தது இரண்டு எழுத்துகளின்கீழ்ப் பார்க்கவேண்டும்.