சிற்றூரும் பங்கும்: வாரம் பெர்சிக் கோயில் கூறும் வரலாறு

பழைய கட்டடம் ஏட்டுச்சுவடியை ஒப்பது. ஒரு காலத்தார் வரைந்ததைப் பிற்காலத்தார் நீக்கியும் திருத்தியும் வைத்திருப்பர். ஆதலின் அதனைக் கற்பார்க்கும் பாட ஆராய்ச்சி வேண்டப்படும். இங்கிலாந்தின் யார்க்சயர்ப் பகுதியில், சுண்ணக் குன்றுகளிடையே பாழ்பட்டுக் கிடக்கும் வாரம் பெர்சி என்னும் சிற்றூரின் தூய மார்ட்டின் கோயில் இதற்குச் சிறந்த சான்றாகும்.

1950 முதல் 1990 வரை பெரசுபோர்டு, அர்சுட்டு என்னும் அறிஞர் இருவர் முன்னின்று நடத்திய அகழாய்வு இவ்வூரின் வரலாற்றை வெளிப்படுத்திற்று. முதலில் எழுந்த சிறு கோயில் பின்னர்ப் பெரிதாக்கப்பட்டது. நடுக்கூடத்தின் இருமருங்கும் பக்கக்கூடங்கள் சேர்ந்தன. பிற்காலத்தில் அவை இடிக்கப்பட்டன; வளைவுகள் கல்லால் அடைக்கப்பட்டன; திருப்பீடப் பகுதியும் குறுகிற்று. அடைபட்ட வளைவுகளை இன்றும் சுவரிற் காணலாம்.

ஊர் பெருகக் கோயில் பெருகிற்று, ஊர் சுருங்கக் கோயில் சுருங்கிற்று என்பது இதற்குக் கூறப்பெறும் எளிய விளக்கம். இஃது ஓரளவே பொருந்தும். 1349 அளவில் வந்த கொள்ளைநோய்க்குப் பின்னும் ஊர் நிலைத்திருந்தது. ஆட்டு மேய்ச்சலுக்காக நிலக்கிழார் குடிகளை வெளியேற்றியமையாலேயே 1500 அளவில் அது பாழாயிற்று. பழியை நோயின்மேல் ஏற்றுவோமாயின், குடியெழுப்பியோர் செயல் மறைந்துவிடும்.

மற்றொன்றும் நோக்கற்பாலது. ஊர் அழிந்த பின்னரும் ஏறத்தாழ நானூற்றைம்பது ஆண்டுகள் இக்கோயிலில் வழிபாடு நடந்தது. காரணம் யாது? ஊர் வேறு, பங்கு வேறு. அண்டையிலிருந்த வேறு சிற்றூர்களும் இப்பங்கைச் சார்ந்தவை. அவற்றுள் ஒன்றாகிய திக்சண்டேல் தனக்கெனக் கோயில் பெற்றது 1870-இல்தான். அதுவரை அவ்வூரார் குன்று கடந்து இங்கு வந்தனர்.

இனி, பதினாறாம் நூற்றாண்டின் சமயச் சீர்திருத்தம் வழிபாட்டு முறையையே மாற்றிற்று. இறந்தோர்க்காகப் பூசை நிகழ்த்தும் அறக்கட்டளைகள் 1547-இல் ஒழிக்கப்பட்டன. துணைப்பீடங்கள் பயனற்ற காலத்தில், பக்கக்கூடங்களின் தேவை குறைந்திருத்தலும் இயல்பே. எனவே, அடைபட்ட வளைவு மக்கள்தொகையை மட்டும் குறிக்கும் அடையாளமன்று.

கூடம் சுருங்கியமைக்கு ஊரின் வீழ்ச்சி ஒரு காரணமாதலை மறுப்பதற்கில்லை. அதனையே முழுக் காரணமாகக் கொள்வதே பிழை. 1959-இல் கோபுரத்தின் ஒரு பகுதி சரிந்தது. கூரையற்ற சுவர்களே எஞ்சின. அச்சுவர்களைப் படிப்போர், வெளியேற்றப்பட்டவரையும் தொலைவிலிருந்து நடந்து வந்தவரையும் ஒருங்கே நினைத்தல் வேண்டும். அதுவே நேரிய ஆராய்ச்சியாகும்.