சும்மா இருந்தவர்களின் கணக்கு

"உணர்ச்சிவசப்படாம ஆதாரத்தோட பேசுங்க மேடம்."

இந்த ஒரு வாக்கியத்தைக் கடந்த நான்கைந்து ஆண்டுகளில் எத்தனை முறை வாங்கியிருப்பேன் என்று எண்ணி வைக்கவில்லை. எண்ணியிருக்கலாம். முகம் தெரியாத ஆண்களோடு அறிவியல், தொழில்நுட்பம், புள்ளிவிவரம் என்று வாதாடப் போகும் பெண்ணுக்கு முதலில் கிடைக்கும் வரவேற்பு அது. நான் வாலாஜாபாத்தில் வளர்ந்தவள், தமிழில் முனைவர் பட்டம் வாங்கியவள், கல்லூரியில் பாடம் நடத்துகிறவள். இதில் மூன்றாவது தகுதி தெரிந்ததும் அடுத்த வாக்கியம் வரும்: "தமிழ் டீச்சருக்கு எதுக்குங்க ஸ்டாட்டிஸ்டிக்ஸ்?"

அன்று நான் சொன்னது பெரிய கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. கணினியின் வம்சாவளியில் தறிக்கு ஓர் இடமுண்டு என்றேன். ஜக்கார்டு பெட்டியைத் தறிமேல் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது விளங்கும். அட்டையில் ஓட்டை இருந்தால் அந்த ஊசிக்குரிய இழை மேலே எழும்; ஓட்டை இல்லையென்றால் எழாது. உண்டு, இல்லை என்ற இரண்டே சொற்களில் ஒரு மயிலை எழுதிவிடலாம். 1804இல் பிரான்சில் ஜக்கார்டு செய்த இந்த ஏற்பாட்டைத்தான் சார்லஸ் பாபேஜ் தன் பகுப்பாய்வு எந்திரத்துக்கு எடுத்துக்கொண்டார். அந்த எந்திரத்தைப் பற்றி 1843இல் குறிப்புகள் எழுதிய அடா லவ்லேஸ், அது இயற்கணிதத்தை நெய்யும் விதத்தைத் தறி பூ நெய்வதோடு ஒப்பிட்டார்.

உடனே பதில் வந்தது. ஜக்கார்டு ஆண். பாபேஜ் ஆண். அடா செய்தது வெறும் மொழிபெயர்ப்பு.

மொழிபெயர்ப்பு என்பது உண்மைதான். மெனாப்ரியா பிரெஞ்சில் எழுதிய கட்டுரையை அவர் ஆங்கிலத்தில் தந்தார். அதோடு சேர்த்த குறிப்புகள் மூலக் கட்டுரையைவிட நீளம். உரை மூலத்தைவிட நீண்டு போவதும், பிறகு வருகிறவர்கள் உரையைப் பிடித்துக்கொண்டே மூலத்துக்குள் நுழைவதும் தமிழ் படித்தவளுக்குப் புதிய செய்தியா? "வெறும் உரையாசிரியர்" என்று நச்சினார்க்கினியரை யாரும் தள்ளிவிடுவதில்லை.

இந்த மாதிரி வாதங்களில் எனக்கு ஒரு பழைய துணை உண்டு, மணிமேகலை. வஞ்சி நகரில் பல சமயக் கணக்கர்களின் கொள்கைகளை அவள் கேட்கப் போகிறாள். இளம்பெண் என்று தெரிந்தால் யாரும் உனக்குப் பொருளை விரித்துச் சொல்லமாட்டார்கள், வேற்று உருக்கொண்டு போ என்று அவளுக்குச் சொல்லப்படுகிறது. ஆண் துறவியின் வடிவில் போகிறாள். எல்லாரும் சொல்கிறார்கள். வகுப்பில் இந்த இடத்தை நடத்தும்போது ஒரு மாணவி, "மேடம், இது ஃபேக் ஐடிதானே?" என்றாள். சிரித்தோம். அன்று இரவு நானும் போனில் ஓர் ஆண் பெயர் வைத்துக்கொண்டேன். அதே வாதம், கிட்டத்தட்ட அதே சொற்கள். "நல்ல பாயிண்ட் ப்ரோ, ஆனா..." என்று தொடங்கின பதில்கள். உணர்ச்சிவசப்படாதே என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. பெண்ணாகப் பேசியதைவிட அந்த ஆண் வேடத்தில் நான் இரண்டு மடங்கு கோபமாகப் பேசினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பத்து நாளில் அந்தப் பெயரை அழித்துவிட்டேன். ஜெயித்த வாதங்கள் எல்லாம் அவன் பெயரில் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தன.

வஞ்சியில் வேடம் போட்டவள் அளவையைப் பாடமாகக் கற்பது எங்கள் பக்கத்து ஊரான காஞ்சியில். அறவண அடிகள் அவளுக்குப் பக்கம், ஏது, எடுத்துக்காட்டு என்று வாதத்தின் உறுப்புகளைச் சொல்லித் தருகிறார். அதைவிட நீளமாகச் சொல்லித் தருவது போலிகளை. ஏதுப்போலி என்றால் காரணம்போல் தோன்றிக் காரணமாக நிற்காதது. தேர்வுக்கு வராத பகுதி என்று நாங்கள் மாணவிகளாக இருந்தபோது தாண்டிப் போனோம். தாண்டியிருக்கக் கூடாது என்று எனக்குப் புரிந்தது இந்த வாதத்தில் தோற்றபோதுதான்.

தோற்றது இப்படி. நெசவு ஆண்களின் தொழில், பெண்கள் கூடமாட உதவுவார்கள் என்று அவர் சொன்னதும் நான் எண்ணை எடுத்தேன். 2019-20ஆம் ஆண்டின் நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 35.22 லட்சம் கைத்தறித் தொழிலாளர்கள். அவர்களில் 72 சதவீதத்துக்கும் மேல் பெண்கள். "ஆதாரம் கேட்டீர்களே, இதோ" என்று முடித்தேன். கொஞ்சம் திமிராகத்தான் முடித்தேன்.

அரை மணி நேரத்தில் திரும்பி வந்தார். அந்தத் தொழிலாளர்களில் மிகப் பெரிய பங்கு அசாமுடையது, வடகிழக்கில் வீட்டுக்கு வீடு தறியில் அமர்வது பெண்களே, அதிலும் பெரும்பகுதி தங்கள் உடுத்தலுக்காக. அந்த எண்ணைக் கொண்டுவந்து காஞ்சிபுரத்துப் பட்டுத் தறிமேல் வைக்கிறீர்களே மேடம், உங்கள் தெருவில் எத்தனை பெண்கள் தறியில் உட்கார்ந்தார்கள் என்று கேட்டார்.

எங்கள் தெருவை மனதுக்குள் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நடந்து பார்த்தேன். தறிக்குழியில் கால் வைத்தவர்கள் அப்பா, பெரியப்பா, எதிர்வீட்டு அண்ணன்கள். அவர் சொன்னது சரி. நான் கொடுத்தது ஏதுப்போலி. புகை எங்கேயோ, நெருப்பு எங்கேயோ.

பெண்ணியக் கட்டுரைத் தொகுப்பில் இதை எழுதக் காரணம் இருக்கிறது. எண்களிடம் நமக்கு இரண்டு பழக்கங்கள் வந்துவிட்டன. ஒன்று, புள்ளிவிவரம் ஆண்களின் மொழி, நமக்கு அனுபவம் போதும் என்று ஒதுங்குவது. இன்னொன்று, நமக்குச் சாதகமான எண் கண்ணில் பட்டால் அது எங்கே பிறந்தது, யாரை எதால் வகுத்து வந்தது என்று கேட்காமல் கல்லைப்போல் எடுத்து எறிவது. நான் செய்தது இரண்டாவது. எதிராளி திருப்பி எறியும்போது அது நம் அம்மாக்கள்மேல்தான் விழுகிறது. "பார்த்தீர்களா, உங்கள் ஊரில் பெண்கள் நெய்யவில்லை" என்று அவர் முடித்துவிட்டார். அந்த முடிவுதான் பொய். ஆனால் என் தவறான எண்ணால் அதைப் பொய் என்று காட்ட முடியாமல் போனது.

காஞ்சிப் பட்டில் கோர்வை என்று ஒன்று உண்டு. உடல் ஒரு நிறம், கரை இன்னொரு நிறம். இரண்டும் இழைக்கு இழை கோத்துக்கொண்டு வர மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். தறியில் அமர்ந்தவருக்கு இரண்டு கைதான். ஒரு பக்கத்துக் கரை நாடாவைப் போட இன்னோர் ஆள் வேண்டும். எங்கள் வீட்டில் அந்த ஆள் அம்மா. பள்ளி விட்டு வந்தபிறகு நான். தறியில் பட்டு ஏறுவதற்கு முன்னால் சிட்டத்தை இழைப்பது, தார் சுற்றுவது, விடியலில் தெருவில் பாவு நீட்டும்போது கூட நின்று அறுந்த இழையைப் பார்ப்பது எல்லாம் அம்மா. ஒரு புடவை முடிந்தால் சங்கத்தில் கூலி அப்பா பெயரில் பதிவாகும். உறுப்பினர் அட்டை அப்பாவுடையது. அவர் இறந்தபிறகு நலத்திட்டம் ஒன்றுக்காக அம்மாவை அழைத்துக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் மரியாதையாகத்தான் கேட்டார்: "நீங்க என்னம்மா வேலை பண்ணிட்டிருந்தீங்க?"

"சும்மாதாங்க இருந்தேன். அவுருக்குக் கூடமாட ஒத்தாசையா."

அவர் எழுதிக்கொண்டார். அதை அழித்து எழுத நான் பிறகு நான்கு முறை போக வேண்டியிருந்தது. அட்டை இன்னும் வரவில்லை.

விதி என்ன சொல்கிறது என்று அப்போதுதான் போய்ப் படித்தேன். தேசிய மாதிரி ஆய்வின் வேலைவாய்ப்புக் கணக்கெடுப்பில் ஒவ்வொருவரின் செயல்பாட்டுக்கும் குறியீட்டு எண் உண்டு. குடும்பத் தொழிலில் கூலியில்லாமல் உதவியவருக்கு 21. அவர் தொழிலாளர்தான், உழைப்புப் படைக்குள் இருக்கிறார். வீட்டு வேலைகளை மட்டும் கவனித்தவருக்கு 92. அவர் வெளியே. வீட்டு வேலையோடு விறகு, தண்ணீர் சேகரிப்பது, வீட்டு உபயோகத்துக்காகத் தைப்பது, நெய்வது என்று செய்கிறவருக்கு 93. அவரும் வெளியேதான். விற்பனைக்குப் போகும் பட்டுக்குத் தார் சுற்றிய அம்மா, விதிப்படி 21. எழுத்துப்பூர்வமான விதி அவளை விலக்கவே இல்லை. வாசற்படியில் நடக்கும் இரண்டு நிமிடப் பேச்சில், "சும்மா" என்ற ஒரு சொல்லில், அவள் 92 ஆகிறாள்.

எனவே புள்ளிவிவரம் பொய் சொல்லும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல எனக்கு இப்போது மனமில்லை. நான் படித்த படிப்பில் பாட வேறுபாடு என்று ஒன்று உண்டு. ஏட்டைப் படி எடுத்தவர் எங்கே தவறாகக் கேட்டார், எங்கே அவருக்குத் தெரிந்த சொல்லைப் போட்டுக்கொண்டார் என்று தேடுவோம். கணக்கெடுப்புப் படிவமும் ஒரு பிரதிதான். கேட்டவர், சொன்னவர், எழுதியவர் மூவரும் அதில் இருக்கிறார்கள். 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், கடந்த ஆண்டு வேலை செய்தாரா என்ற கேள்வியோடு, வயலிலோ குடும்பத் தொழிலிலோ கூலியின்றிச் செய்த வேலையையும் சேர்த்து என்று ஒரு தொடரைச் சேர்த்தார்கள். அந்த ஒரு தொடருக்குப் பின்னால் பெண்களின் பல ஆண்டு உழைப்பு இருக்கிறது. தேவகி ஜெயின் 1970களில் ராஜஸ்தான், மேற்கு வங்கக் கிராமங்களில் பெண்கள் நாள் முழுவதும் என்ன செய்கிறார்கள் என்று நேரம் குறித்துப் பார்த்து, அரசுக் கணக்கில் விழாத வேலையைக் காட்டினார். நியூசிலாந்தின் மேரிலின் வேரிங் 1988இல் உலக நாடுகளின் வருமானக் கணக்கையே கேள்வி கேட்டு நூல் எழுதினார். இருவரும் எண்ணைத் தூக்கி எறியவில்லை. இன்னும் நெருங்கிப் போய் எண்ணினார்கள்.

நெருங்கிப் போனால் என்ன தெரியும்? 2024ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டு ஆய்வைப் பாருங்கள். கூலியில்லா வீட்டு வேலைக்குப் பெண்கள் ஒரு நாளில் 289 நிமிடம், ஆண்கள் 88 நிமிடம் செலவிடுகிறார்கள் என்று செய்தி வந்தது. "பரவாயில்லையே, ஒன்றரை மணி நேரம் செய்கிறார்களே" என்று ஒருவர் எனக்கு எழுதினார். அந்த 88, அன்று வீட்டு வேலை செய்த ஆண்களின் சராசரி மட்டும். செய்தவர்கள் 100க்கு 27 பேர். மீதி 73 பேர் அந்தச் சராசரிக்குள்ளேயே வரவில்லை. பெண்களில் 100க்கு 81 பேருக்கு மேல் செய்தார்கள். ஆறு வயதுக்கு மேற்பட்ட எல்லாரையும் சேர்த்து வகுத்துப் பார்த்தேன். ஆண்களுக்கு 24 நிமிடம், பெண்களுக்குச் சுமார் 235. கால்குலேட்டரில் இரண்டு பெருக்கல், அவ்வளவுதான். தமிழ் டீச்சரால் முடிந்தது.

அதேபோல, 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களின் உழைப்புப் பங்கேற்பு 2017-18இல் 23.3 சதவீதமாக இருந்து 2023-24இல் 41.7 ஆகியிருக்கிறது என்பதை முன்னேற்றத்தின் சாட்சியாக யாராவது காட்டினால், உள்ளே எத்தனை பேர் 21 என்று கேளுங்கள். வேலையில் இருப்பதாகச் சொல்லப்படும் பெண்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அந்தக் கூலியில்லா உதவியாளர்கள். எண்ணப்படுவது நல்லது. கூலி இன்னும் அப்பா பெயரில்தான் போகிறது என்பதும் அதே எண்ணுக்குள் இருக்கிறது.

நன்னூலின் பொதுப்பாயிரத்தில் பவணந்தி நூல் எழுதுவதை நூல் நூற்பதோடு ஒப்பிடுகிறார். சொல் பஞ்சு, வாய் கை, அறிவு கதிர், புலவன் நூற்கிற பெண். ஒவ்வோர் ஆண்டும் நடத்துகிறேன். புலவனை உயர்த்திச் சொல்ல இலக்கண ஆசிரியருக்கு அவள் தேவைப்பட்டிருக்கிறாள். அவள் கூலி என்ன என்று உரைகள் பேசுவதில்லை.

என்னோடு வாதாடிய அந்த மனிதருக்குப் பிறகு எழுதினேன். 72 விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி, நான் தவறு என்று முதல் வரியிலேயே ஒப்புக்கொண்டேன். இரண்டாவது வரியில் குறியீடு 21ஐ விளக்கி, உங்கள் வீட்டில் தார் சுற்றியது யார் என்று கேட்டேன். தறியின் பாகங்களை அவர் சொன்ன விதத்தில் அவரும் நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளை என்று ஊகித்திருந்தேன். இரண்டு நாள் பதில் இல்லை. பிறகு வந்தது: "அம்மாதான் சுத்துவாங்க. காலையில நாலு மணிக்கெல்லாம் ராட்டை சத்தம் கேட்கும். ஆனா அவங்க வேலைக்கெல்லாம் போகலைங்க, வீட்லதான் இருந்தாங்க." மேடம் இல்லை, உணர்ச்சிவசப்படாதீர்கள் இல்லை. வாதமும் இல்லை.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 குறிப்பு நாள் என்று அரசு அறிவித்திருக்கிறது. 2021இல் நடந்திருக்க வேண்டியது. இம்முறை செல்பேசியில் பதிவு. குடும்பத்தாரே நிரப்பிக்கொள்ளவும் வழி உண்டாம். எங்கள் மாணவிகள் பலர் ஒரகடம், சுங்குவார்சத்திரம் கம்பெனி பஸ்ஸில் ஷிஃப்ட் போகிற அக்காக்களின் தங்கைகள். வீட்டில் படிவம் நிரப்பப்போவது அவர்கள் விரல்தான். போன வாரம் வகுப்பில் பாடத்தை நிறுத்திவிட்டு, அவரவர் அம்மா நேற்று விடியல் நான்கு மணியிலிருந்து இன்று நான்கு மணிவரை என்ன செய்தார் என்று அரை மணிக்கு ஒரு வரியாக எழுதி வரச் சொன்னேன். நேரப் பயன்பாட்டு ஆய்வு அப்படித்தான் கேட்கிறது. ஒரு பெண் எழுந்து, "அரை மணிக்குள்ள நாலு வேலை பண்றாங்க மேடம், எதை எழுதறது?" என்றாள்.

நானும் வீட்டில் அம்மாவிடம் உட்கார்ந்தேன். தறி இருந்த காலத்து ஒரு நாளைச் சொல்லச் சொன்னேன். உலை வைத்துவிட்டு ராட்டையில் அமர்வது, நடுவில் எழுந்து கஞ்சி வடிப்பது, கரை நாடா, தண்ணீர்க் குடம், மறுபடி ராட்டை என்று போனது. இரண்டு பக்கம் நிரம்பியும் மதியம் வரவில்லை. அம்மா நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "இன்னாத்துக்குக் கண்ணு இவ்ளோ எழுதற? வர்ற ஆளு உதவியாளுன்னுதானே போடுவான்?"

"ஆமாம்மா. 21."

"உங்கப்பாவுக்கு இன்னா நம்பர் போட்டானாம்?"

"11. சொந்தமா தொழில் பண்றவருக்கு."

"தறி ரெண்டு பேருதுதானே," என்றாள்.