இலைச்சாறு மட்டும் பசுமையாகுமா?

வேப்பிலையைக் கொதிக்கவைத்து வடித்த சாற்றில் துத்தநாக நைட்ரேட்டைக் கரைத்துச் சூடாக்கினால் கூழ் போலத் திரளும். அதை உலர்த்தி 400 அல்லது 500 டிகிரி செல்சியஸில் சுட்டால் துத்தநாக ஆக்சைடு நானோ துகள்கள் கிடைக்கும். மெத்திலீன் நீலச் சாயம் கரைத்த நீரில் அந்தத் தூளைப் போட்டு வெயிலில் வைத்தால் நீலம் வெளிறும். பசுமைத் தொகுப்பு என்ற பெயரில் நம் கல்லூரி ஆய்வகங்களில் இந்தச் செய்முறைக்குச் செல்வாக்கு அதிகம். வேம்பு போய்த் துளசி வரும், துளசி போய் முருங்கை வரும். மற்றதெல்லாம் அப்படியே இருக்கும்.

செல்வாக்குக்குக் காரணம் உண்டு. காரம், கரிமக் கரைப்பான்களின் தேவை குறைகிறது. சாற்றிலுள்ள பாலிஃபீனால்கள் உலோக அயனிகளைப் பற்றிக்கொண்டு துகள்கள் திரண்டு பெருக்காமல் தடுக்கின்றன. ஒளியால் வேதிவினையைத் தூண்டும் ஒளிவினையூக்கமும் ஏமாற்று வேலையல்ல. டைட்டானியம் டை ஆக்சைடு மின்முனையில் ஒளி பட்டு நீர் பிளவுறுவதை ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் 1972-இல் வெளியிட்டதிலிருந்து வளர்ந்துவந்த துறை இது.

கோளாறு விளக்கத்திலேயே தொடங்குகிறது. இலைச்சாறு துத்தநாகத்தை ஒடுக்குகிறது என்று பலரும் எழுதிவிடுகிறார்கள். வெள்ளிக்கும் தங்கத்துக்கும் அது சரி. அங்கே அயனி உலோகமாக மாறவேண்டும். துத்தநாகத்தின் ஆக்சிஜனேற்ற நிலையோ நைட்ரேட்டிலும் +2, ஆக்சைடிலும் +2. இதில் ஒடுக்குவதற்கு என்ன இருக்கிறது? போதாததற்கு, உலையில் இலையின் கரிமம் பெரும்பாலும் எரிந்துவிடுகிறது. நைட்ரேட் சிதைந்து நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்களாக வெளியேறுகிறது. அனஸ்டாஸும் வார்னரும் 1998-இல் வகுத்த பசுமை வேதியியலின் 12 கொள்கைகளில் ஆற்றல் சிக்கனமும் ஒன்று. உலை மணிக்கணக்கில் குடிக்கும் மின்சாரத்தை எந்தக் கணக்கில் எழுதுவது? இலையே சேர்க்காமல் அதே உலையில் செய்த தூளை ஒப்பீட்டுக்கு வைக்காத ஆய்வு, இலையைப் பற்றி எதையும் நிறுவுவதில்லை.

மெத்திலீன் நீலத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் சிக்கல் இருக்கிறது. துத்தநாக ஆக்சைடு விழுங்குவது புற ஊதாக் கதிரை. சூரிய ஒளியில் அதன் பங்கு ஏறத்தாழ 5 சதவீதம்தான். சாயமோ கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தானே உறிஞ்சி, கிளர்ந்து, வெளிறக்கூடியது. ஆகவே வெளிறியதில் தூளின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது கடினம். சாயம் தூளின் மேல் ஒட்டிக்கொண்டாலும், நிறமற்ற வேறொரு மூலக்கூறாக மாறினாலும், நிறமாலைமானியில் உறிஞ்சல் உச்சம் சரியத்தான் செய்யும். மூலக்கூறு உண்மையிலேயே கரியமில வாயுவாகவும் நீராகவும் சிதைந்ததா என்பதை நீரில் எஞ்சிய மொத்தக் கரிமத்தை அளந்தால்தான் சொல்ல முடியும். அதை அளக்காமலேயே முடிவுக்கு வந்துவிடும் கட்டுரைகளே அதிகம். தூளும் நீரில் எப்போதும் நிலையானதல்ல: துத்தநாக ஆக்சைடு அமிலத்திலும் கரையும், கடுங்காரத்திலும் கரையும். கரைந்த துத்தநாகம் பாசிகளுக்கு நஞ்சு.

இந்தக் கட்டுரைகளின் முன்னுரைகளில் தவறாமல் வரும் சாயப்பட்டறை ஊர் திருப்பூர். அங்கே பருத்திக்கு ஏற்றுவது வினைபுரி சாயங்கள். மெத்திலீன் நீலமோ காரச் சாய வகை. சாயம் துணியில் ஏற உப்பைக் கொட்டுகிறார்கள், சோடாவும் சேர்க்கிறார்கள். கழிவிலுள்ள குளோரைடும் கார்பனேட்டும், சாயத்தை உடைக்கவேண்டிய ஹைட்ராக்சில் தனியுறுப்புகளை முந்திக்கொண்டு தின்றுவிடும். வாலைவடிநீரில் செய்த சோதனையில் இது தெரியவராது. நொய்யல் ஆற்றையும் ஒரத்துப்பாளையம் அணைப் பாசன நிலத்தையும் கெடுத்ததில் நிறத்தைவிட உப்புக்கே பங்கு அதிகம். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, கழிவுநீரிலிருந்து உப்பைப் பிரிக்க அங்கே முதன்மையாக நம்பப்படுவது எதிர் சவ்வூடு பரவலும் ஆவியாக்கலும்தான். ஒளிவினையூக்கி எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும் அந்த உப்பில் ஒரு துளிகூடக் குறையாது.