முக்காற்புள்ளிக்குப் பின்னால்

இயங்குதளத்தின் கர்னலை முழுக்க சி மொழியிலேயே எழுதிவிட முடியாது. இன்டரப்டை நிறுத்தவும், செயலியை வேறொரு பக்க அட்டவணைக்கு மாற்றவும், ஒரு போர்ட்டிலிருந்து பைட்டை வாங்கவும் சி-யில் வழி கிடையாது. அந்த இடங்களில் நிரலுக்கு நடுவே செயலியின் கட்டளை ஒன்றிரண்டை நேரடியாகச் செருகுவதுதான் இன்லைன் அசெம்ப்ளி. கட்டளையை யாரும் எழுதிவிடலாம். அதையடுத்து முக்காற்புள்ளி போட்டுப் போட்டுச் சொல்லும் விவரங்களில்தான் தேர்ந்த கை தெரியும்.

காரணம், ஜிசிசி கம்பைலர் நம் கட்டளையைப் புரிந்துகொள்ள முயல்வதே இல்லை. அப்படியே அசெம்ப்ளருக்குத் தள்ளிவிடுகிறது. எது உள்ளே போகிறது, எது வெளியே வருகிறது, வழியில் எது அழிகிறது என்று நாம் கொடுக்கும் வாக்குமூலத்தை நம்பித்தான் சுற்றியுள்ள நிரலைச் சீரமைக்கிறது.

எம்ஐடி பாடத்துக்காக எழுதப்பட்ட எக்ஸ்வி6 கர்னலின் எக்ஸ்86 பதிப்பில், பூட்டு வாங்கும் வரியைப் பாருங்கள். எக்ஸ்சேஞ்ச் என்ற ஒரே கட்டளை, ரெஜிஸ்டரில் உள்ள 1-ஐயும் நினைவகத்தில் உள்ள பூட்டின் மதிப்பையும் இடம் மாற்றுகிறது. திரும்பி வந்தது 0 என்றால் பூட்டு நமக்கு. அந்த நினைவக இடத்துக்கு முன்னால் ஒரு கூட்டல் குறி இருக்கிறது: இங்கே படிக்கவும் செய்கிறேன், எழுதவும் செய்கிறேன் என்று அர்த்தம். அங்கே சமக்குறி போட்டிருந்தால் பழைய மதிப்பு தேவையில்லை என்று ஆகிவிடும். முன்பு அங்கே எழுதியதை வீண் என்று கம்பைலர் நீக்கிவிடலாம். இன்று ஓடும் நிரல், கம்பைலரின் அடுத்த பதிப்பில் உடையலாம். கடைசியில், செயலியின் கொடிகள் கலைகின்றன என்றும் ஒரு வார்த்தை. நினைவகத்தோடு செய்யும் எக்ஸ்சேஞ்ச் தானாகவே பூட்டிக்கொள்ளும். லாக் என்ற முன்னொட்டு தேவையே இல்லை. ஆனாலும் போட்டிருக்கிறார்கள். மாணவர் கண்ணில் படட்டும் என்றால், எனக்குச் சம்மதமே.

இதைவிட என்னை மயக்குவது லினக்ஸின் பேரியர் என்ற தடுப்பு. அதில் கட்டளை இருக்க வேண்டிய மேற்கோள் குறிக்குள் ஒன்றுமே இல்லை. நினைவகம் மாறியிருக்கலாம் என்ற அறிவிப்பு மட்டும் உண்டு. இந்த வரி செயலிக்கு ஒரு பைட் கட்டளைகூட உண்டாக்காது. கம்பைலரோ ரெஜிஸ்டரில் வைத்திருந்த நினைவக மதிப்புகளை விட்டுவிட்டு மறுபடி படித்தாக வேண்டும், எழுத்தையும் வாசிப்பையும் அந்தக் கோட்டைத் தாண்டி நகர்த்தக் கூடாது. வெறும் வாக்குமூலமே ஒரு நிரலாகிவிட்டது!

ஆனால் செயலியே வரிசை மாற்றுவதை இது தடுக்காது. அதற்கு எக்ஸ்86 லினக்ஸ், ஸ்டாக் சுட்டிக்குச் சற்றுக் கீழே உள்ள இடத்தில், லாக் முன்னொட்டோடு பூஜ்யத்தைக் கூட்டுகிறது. எம்ஃபென்ஸ் என்ற தனிக் கட்டளையைவிட இது வேகம். சரியாகச் சுட்டியின் இடத்திலேயே கூட்டினால் அடுத்து அங்கே படிக்கும் கட்டளை வீணாகக் காத்திருக்க நேரும். அதனால்தான் நான்கு பைட் தள்ளி. இந்த நான்கு பைட் நுணுக்கத்தை ரசிக்காமல் இருக்க முடியவில்லை.

எல்லா இடத்திலும் நினைவக அறிவிப்பைப் போட்டுத் தப்பித்துக்கொள்வது கலை ஆகாது. கம்பைலரின் கையைக் கட்டிப்போடுவதுதான் அது. எக்ஸ்வி6-இன் பிந்தைய ரிஸ்க்-வி பதிப்பில் பூட்டு வாங்கும் வரிக்கு இன்லைன் அசெம்ப்ளியே கிடையாது. கம்பைலரோடு வரும் சார்பை அழைத்து முடித்துவிட்டார்கள். அதுவும் சரியான முடிவு. இரண்டு பதிப்புகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. பூட்டுக் கோப்புகளை அருகருகே திறந்துவைத்துப் படியுங்கள்.