கொழுந்தும் காரும் ஒரே கணக்கில்

மாதம் பிறந்தால் கொழும்பிலிருந்து இரண்டு கணக்குகள் வெளிவரும். எத்தனை கிலோ தேயிலை கப்பலேறியது, கிலோவுக்கு என்ன விலை கிடைத்தது என்பது ஒன்று. எத்தனை வாகனங்கள் புதிதாகப் பதிவாகின, அதில் கார் எத்தனை, ஓட்டோ எத்தனை, மோட்டார் சைக்கிள் எத்தனை என்பது மற்றது. பத்திரிகைகள் இரண்டையும் வெவ்வேறு பக்கங்களில் போடுகின்றன. மலையகத்து டிக்கோயாவில் இருந்துகொண்டு வாசிக்கிற எனக்கு அவை ஒரே கணக்கின் வரவும் செலவும்.

2018 ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வருடம் இலங்கை தேயிலை விற்றுச் சம்பாதித்தது சுமார் 1.4 பில்லியன் டொலர். அதே வருடம் சொந்தப் பாவனை வாகனங்களை இறக்குவதற்கு நாடு செலவழித்தது 1.5 பில்லியன் டொலருக்கும் மேல். தரவளை, வனராஜா, இன்வெரி என்று இந்தப் பள்ளத்தாக்கின் தோட்டங்களிலும், நாடு முழுவதிலும் பறித்த கொழுந்தின் மொத்த வருமானமும் கார்களுக்கே போதவில்லை. அந்தக் கார்களில் எத்தனை எங்கள் நோர்வூட் பாதையில் ஏறின என்று கேட்டால், எந்த மாதாந்த அட்டவணையிலும் பதில் கிடையாது. இந்தக் கணக்கு முறையில் நான் காணும் அடிப்படைக் குறை அதுதான். ஆனால் குறைக்குப் போவதற்கு முன் அதன் நியாயத்தைச் சொல்லியாக வேண்டும். நியாயம் சிறியதல்ல.

டொலர் தட்டுப்பட்டால் வாகனத்தை நிறுத்துவது இங்கே புதிய வழக்கமல்ல. 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும்வரை வெளிநாட்டு வாகனம் என்பது பெரும்பாலானவர்களுக்கு எட்டாத பொருள். துரைமாரின் பங்களாக்களில் நின்ற பழைய மொரிஸ், ஒஸ்டின் கார்களைப் பழுதுபார்த்துப் பழுதுபார்த்தே ஒரு தலைமுறை ஓடியது. திறந்த பிறகு எல்லாம் மாறியது. 2015 இல் மட்டும் ஆறரை இலட்சத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள் புதிதாகப் பதிவாகின. அதில் ஒரு இலட்சத்துக்கும் மேல் கார்கள். 2018 இல் ரூபாய் சரியத் தொடங்கியதும், வாகனத்துக்குக் கடன் கடிதம் திறப்பவர் முழுப் பணத்தையும் முற்பணமாக வைக்க வேண்டும் என்று மத்திய வங்கி இறுக்கியது. 2020 மார்ச்சில், கொரோனாவோடு சேர்த்து, கதவே மூடப்பட்டது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று நாடு அறிவித்தபோது அந்தக் கதவு மூடியே கிடந்தது.

மூடியது சரி என்பதே என் தீர்ப்பு. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளில் பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரம் இல்லை. டீசலுக்கு லொறிகள் நாட்கணக்கில் வரிசையில் கிடந்தன. தொழிற்சாலையில் வாடவைத்த கொழுந்தை உரிய நேரத்தில் அரைக்க முடியாமல் தவித்தார்கள். மருந்து, எரிவாயு, பால்மா என்று எல்லாமே டொலரைக் கேட்டு நின்ற காலத்தில் காருக்கும் ஒரு பங்கு கொடுத்திருந்தால் அதை நியாயப்படுத்த யாராலும் முடிந்திராது. தேயிலைக்கே உரம் இல்லாமல் போன காலம் அது. 2021 இல் முப்பது கோடிக் கிலோவை ஒட்டியிருந்த உற்பத்தி அடுத்த வருடம் இருபத்தைந்து கோடிக்கு விழுந்தது. வரவு அப்படி ஒடிந்து கிடக்கும்போது செலவில் முதலில் வெட்ட வேண்டியது எது என்பதில் குழப்பத்துக்கு இடமில்லை.

மாதாமாதம் எண்ணுகிற முறையிலும் ஒரு நேர்மை உண்டு. இந்தியாவில் வாகன உற்பத்தியாளர் சங்கம் வெளியிடும் மாத விற்பனை, தொழிற்சாலையிலிருந்து முகவருக்கு அனுப்பியதன் எண்ணிக்கை. வாங்கியவர் வீட்டு வாசலுக்கு வந்ததல்ல. முகவர்களின் கூட்டமைப்பு பதிவுகளை வைத்து வேறொரு எண்ணைச் சொல்லும். விற்பனை மந்தமான மாதங்களில் இரண்டுக்கும் இடையே பெரிய இடைவெளி விழும், முகவரின் முற்றத்தில் கார்கள் தேங்கி நிற்கும். இலங்கையில் அந்தச் சிக்கல் குறைவு. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் இலக்கம் கொடுத்தால்தான் எண்ணிக்கை. ஒருவர் தன் பெயரில் எழுதிக்கொண்டதுதான் கணக்கில் ஏறும்.

வாகன ஏற்றுமதி எண்ணும் முழுக்கதையைச் சொல்லிவிடாது. சென்னைக்குப் பக்கத்து மறைமலைநகரில் போர்ட் நிறுவனம் கார் கட்டியது, பெருமளவில் வெளிநாட்டுக்கும் அனுப்பியது. இந்தியாவின் முன்னணிக் கார் ஏற்றுமதியாளர்களில் அதுவும் ஒன்றாக இருந்தது. ஆனால் உள்ளூரில் விற்பனை நிமிரவில்லை. 2021 செப்டெம்பரில் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. ஏற்றுமதிப் பட்டியலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர் அதை எதிர்பார்த்திருக்க மாட்டார். அதே பட்டியலில் இலங்கைக்கு வந்த ஓட்டோக்களும் ஒரு வரியாக இருந்தன. 2020 இல் அந்த வரி அற்றுப்போனது, இந்தியாவின் பெரிய கணக்கில் ஒரு சிறிய சரிவு. டிக்கோயா டவுன் தரிப்பிடத்தில் அதற்கு வேறு பெறுமதி.

அந்தத் தரிப்பிடத்தைச் சற்றுக் கிட்ட நின்று பார்க்க வேண்டும். மழைக்காலக் காலை. பின்சீட்டைத் தூக்கி வைத்துவிட்டு ஒருவர் பிளக்கைக் கழற்றி, மூட்டிய சாரத்தின் நுனியால் துடைக்கிறார். ஹூட்டின் ரெக்சினில் மூன்று இடத்தில் சைக்கிள் டியூப் ஒட்டியிருக்கிறது. கண்ணாடியின் மேல்மூலையில் முருகன், அதற்குக் கீழே வருமான அனுமதிப்பத்திரம். இலக்கத் தகட்டில் மத்திய மாகாணத்தின் "சி.பி." எழுத்து பாதி உரிந்து போயிருக்கிறது. கையால் இழுக்கிற ஸ்டார்ட்டரை நான்கு தடவை இழுத்த பிறகு இயந்திரம் இருமிக்கொண்டு எழும்புகிறது. இப்போது ஒன்றை விற்றால் நல்ல விலையாமே என்று கேட்டேன்.

"2012ல லீசிங்ல எடுத்தது அண்ணே. கட்டி முடிக்கவே அஞ்சு வருஷம் போச்சு. இப்ப வித்தா எடுத்த விலையப் போல ரெண்டு மடங்கு தருவாங்க. வித்துட்டு நான் எதுல ஹயர் போறது?"

மூடிய கதவுக்குப் பின்னால் நடந்தது முழுவதும் அந்தப் பதிலில் இருக்கிறது. புதிய வாகனம் வராததால் பழையதன் விலை ஏறியது. ஐந்து வருடம் ஓட்டிய சின்னக் கார், வாங்கிய விலையைப்போல இரண்டு மடங்குக்கு விலைபோனது. கொழும்பில் மூன்று வாகனம் வைத்திருந்தவருக்கு அது எதிர்பாராத இலாபம். ஒன்றை விற்றாலும் இரண்டு மிஞ்சும். ஒன்றே ஒன்றை வைத்துப் பிழைப்பவருக்கு அந்த விலையேற்றம் கைக்கு வராத பணம், பார்ட்ஸ் விலை ஏறியது மட்டும் கைவிட்டுப் போன பணம். புதிதாகத் தொழிலுக்கு வர நினைத்த பிள்ளைக்கு வாசலே அடைத்துக்கொண்டது. டொலரைக் காப்பாற்றிய நடவடிக்கை, ஏற்கெனவே வைத்திருந்தவருக்கு மேலும் கொடுத்தது. அதைச் செய்தவர்கள் அப்படி நினைத்துச் செய்யவில்லை என்று நான் நம்புகிறேன். ஆனால் ஐந்து வருடமாக அதைத் திருத்தவும் இல்லை.

திருத்தாததற்குக் காரணம், வாகனத்தை வகைப்படுத்தும் விதத்திலேயே இருக்கிறது. 2017 தொடக்கத்தில் மத்திய வங்கி வாகனக் கடனுக்கு எல்லை வகுத்தது. காரின் பெறுமதியில் பாதிவரை கடன் எடுக்கலாம், ஓட்டோவுக்குக் கால்வாசிதான். 2022 ஜூலையில் கியூஆர் முறையில் எரிபொருள் பங்கிட்டபோது, தொடக்கத்தில் காருக்கு வாரம் இருபது லீற்றர், ஓட்டோவுக்கு ஐந்து லீற்றர். ஓட்டோ குறைவாகக் குடிக்கிற வண்டி, உண்மைதான். ஆனால் கார் பெரும்பாலும் சொந்தக்காரரை மட்டும் சுமக்கும். ஐந்து லீற்றரில் இந்த மேட்டில் எத்தனை ஹயர் ஓடலாம் என்பது, முதல் கியரில் டிவிஷன் ரோட்டில் ஏறியவர்களுக்குத் தெரியும். பஸ் அட்டன்–பொகவந்தலாவ, அட்டன்–மஸ்கெலியா பிரதான பாதையோடு நின்றுவிடும். அங்கிருந்து மேலே லயம்வரை போவது நடை, கொழுந்து லொறி, இல்லாவிட்டால் ஓட்டோ. ஓட்டோவைக் கார் என்ற ஆடம்பரத்துக்கும் கீழே, ஊக்கப்படுத்தக் கூடாத ஒன்றாக வைத்த விதிகள் இந்த மேட்டை மனதில் வைத்து எழுதப்பட்டவை அல்ல.

மறுபக்கத்து வாதத்தை நான் ஒதுக்கவில்லை. நாட்டில் பதினொரு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஓட்டோக்கள் பதிவாகியிருக்கின்றன. தொழில் பழக வேண்டிய இளைஞர்கள் தரிப்பிடத்தில் நாளைக் கழிக்கிறார்கள், விபத்து அதிகம் என்ற கவலையில் உண்மை இருக்கிறது. தோட்டத்திலும் அதைப் பார்க்கிறோம். ஆனால் கொழும்பு நகரத்தின் நெரிசலில் நிற்கும் ஓட்டோவும், அதைவிட்டால் வேறு வழியில்லாத மலைப்பாதையில் ஓடும் ஓட்டோவும் ஒரே பொருளல்ல. அட்டவணையில் இரண்டும் ஒரே கட்டத்தில் விழுகின்றன.

அட்டவணையின் மற்றக் கட்டங்களையும் உரசிப் பார்க்க வேண்டும். கார்களின் "புதிய பதிவு" என்பதில் ஒரு பெரும் பங்கு, ஜப்பானில் ஒன்றிரண்டு வருடம் ஓடி இங்கே முதல்முறை இலக்கம் பெறும் ரீகண்டிஷன் வாகனம். மொத்தப் பதிவேட்டிலிருந்து செத்த வாகனங்கள் ஒழுங்காக நீக்கப்படுவதில்லை. கராஜின் பின்னால் புல் முளைத்துக் கிடப்பதும் எண்ணிக்கையில் உயிரோடு இருக்கிறது. வரி கூடப்போகிறது என்ற பேச்சு எழும்பினால் அந்த மாதம் எண் வீங்கும், அடுத்த மாதம் வற்றும். இரண்டும் தேவையைச் சொல்வதில்லை, பயத்தைச் சொல்கின்றன. தடை நீங்கிய 2025 இல் முந்தைய வருடத்தோடு ஒப்பிட்டு எத்தனையோ மடங்கு வளர்ச்சி என்று எழுதினார்கள். முந்தைய வருடம் கதவு மூடியிருந்தது. ஒன்றுமில்லாததோடு ஒப்பிட்டால் எதுவும் வளர்ச்சிதான். இவற்றுக்கு மேல், புதிய இலக்கத் தகடுகளில் மாகாண எழுத்தும் அண்மை ஆண்டுகளில் எடுக்கப்பட்டுவிட்டது. உரிமையாளர் மாகாணம் மாறும்போது தகடு மாற்றும் அலைச்சல் குறைந்தது, நல்லது. ஆனால் எந்த மாகாணத்துக்கு எவ்வளவு போகிறது என்று தெருவில் நின்று பார்த்தாவது தெரிந்துகொள்ள இருந்த வழியும் போய்விட்டது.

2024 டிசம்பரில் பொதுப் போக்குவரத்து வாகனங்களுக்கும், 2025 பெப்ரவரியில் சொந்தப் பாவனை வாகனங்களுக்கும் கதவு திறந்தது. பஸ்ஸை முதலில் விட்டது மெச்சத்தக்க ஒழுங்கு. சுங்கவரி, அந்த வரியின்மேல் ஐம்பது வீத மேலதிக வரி, இயந்திரக் கொள்ளளவின்படி உற்பத்தி வரி, விலைகூடியதற்கு ஆடம்பர வரி, எல்லாவற்றுக்கும் மேல் பதினெட்டு வீத வற்வரி என்று அடுக்கினார்கள். பணக்காரர் வாங்கும் வாகனத்தில் வரி எடுப்பதை நான் எதிர்க்கவில்லை; உப்பிலும் பருப்பிலும் எடுப்பதைவிட அது ஆயிரம் மடங்கு மேல். ஆனால் இதில் ஒரு சிக்கல் முளைத்திருக்கிறது. சர்வதேச நாணய நிதியத்துக்குக் கொடுத்த வாக்குப்படி வருமானம் காட்ட வேண்டிய திறைசேரிக்கு வாகனம் அதிகம் இறங்கினால் நல்லது. டொலரைக் காக்க வேண்டிய மத்திய வங்கிக்குக் குறைவாக இறங்கினால் நல்லது. ஒரு பில்லியன் டொலரை ஒட்டி நிற்கும் என்று எண்ணிய வருடச் செலவு, வருடம் முடியுமுன்பே அதைத் தாண்டியது. அந்த வருடம் ஜூலையிலேயே மத்திய வங்கி மீண்டும் லீசிங் கடனுக்கு எல்லை போட்டது. ஒரே மாத எண்ணை ஒரு கட்டடம் வருமானமாகவும் இன்னொரு கட்டடம் ஆபத்தாகவும் வாசிக்கின்றன. இரண்டிலும் அந்த எண்ணைத் தேவையாக வாசிக்க ஆளில்லை.

லீசிங் எல்லை யாரைக் கட்டுகிறது என்று பாருங்கள். கைக்காசு கொடுத்து வாங்குபவரை அது தொடுவதே இல்லை. தடைக்கு முன் ஏழு இலட்சத்தை ஒட்டியிருந்த புதிய ஓட்டோ, தடை நீங்கிய பிறகு இருபது இலட்சத்தை ஒட்டி வந்து நின்றது. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2026 ஜனவரியிலிருந்து, அரசாங்கம் கொடுக்கும் வருகைக் கொடுப்பனவு 200 ரூபாவையும் சேர்த்து, 1,750 ரூபா. ஒரு சதமும் சாப்பிடாமல் சேர்த்தால் ஆயிரத்து நூற்று நாற்பது நாள் பேர் போட வேண்டும். வேலையில்லாத நாட்களையும் சேர்த்தால் ஏறக்குறைய நாலு வருடம். 2018 இன் கார்களுக்கான டொலரைப் பறித்துக் கொடுத்த கைகள் அவை.

இறக்குமதியைக் கட்டுப்படுத்துங்கள். அந்த வழக்கத்தை நான் விடச் சொல்லவில்லை. ஆனால் வடிவத்தை வைத்து அல்ல, வேலையை வைத்துப் பிரியுங்கள். பஸ் ஓடாத பாதைகளில் ஹயர் ஓடும் வண்டிக்குப் பதிலாக ஒன்று எடுக்க வருபவருக்கு, பழையதை உடைக்கக் கொடுத்தால் உற்பத்தி வரியில் சலுகை கொடுங்கள். புதிதாக ஒரு வண்டியும் கூடாது, டொலர் கணக்கும் கையைவிட்டுப் போகாது. மாதப் பதிவை மாவட்டவாரியாக வெளியிடுங்கள். பதிவு செய்பவரின் விலாசம் திணைக்களத்தின் படிவத்திலேயே இருக்கிறது. அதைக் கூட்டிப் போடுவதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டாம். நுவரெலியா மாவட்டம் எத்தனை பஸ், எத்தனை அம்புலன்ஸ், எத்தனை ஓட்டோ பெற்றது என்பதை, அந்த மாதம் அது எவ்வளவு தேயிலை கொடுத்தது என்பதற்குப் பக்கத்தில் வைத்து வாசிக்க எங்களுக்கு உரிமை உண்டு.

டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலை இந்திய உதவியில் கட்டிய பெரிய கட்டடம். 2017 மேயில் இந்தியப் பிரதமர் வந்து திறந்துவைத்தார். நூற்றைம்பது கட்டில்கள். அதற்கு முன்னும் பின்னும் பிரசவ வலி எடுத்த பெண்கள் மேல் டிவிஷன்களிலிருந்து இறங்குகிறார்கள். ஒரு காலத்தில் கொழுந்து லொறியில், சாக்கு விரித்து. இப்போது பெரும்பாலும் ஓட்டோவில், இரண்டு பக்கமும் இரண்டு பேர் பிடித்துக்கொள்ள. சென்ற மழையில் ஓர் இரவு அந்தப் பாதையில் நான் நின்றேன். மேலே வளைவில் ஒற்றை விளக்கு தெரிந்தது. இயந்திரம் இரண்டு தடவை அணைந்து, ஸ்டார்ட்டரை இழுக்கும் சத்தம் கேட்டது. மூன்றாம் தடவை பிடித்துக்கொண்டது. காலையில் பிளக் துடைத்துக்கொண்டிருந்த அதே வண்டி.