திரைக்கு இந்தப் பக்கம் இருந்தவர்கள்

2018 டிசம்பரில் 'சீன இளைஞர் நாளிதழ்' ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டது. 'இந்தத் திரை விதியை மாற்றக்கூடும்' என்பதுதான் தலைப்பின் பொருள். வந்த வேகத்தில் சீனா முழுக்கப் பேசப்பட்டது. அதைப் படித்த நெட்ஈஸ் நிறுவனத் தலைவர் திங் லெய், இந்த மாதிரி முயற்சிகளுக்கு 10 கோடி யுவான் தருவதாக அறிவித்தார். இன்றும் கிராமப்புறக் கல்வி, இணையவழிக் கல்வி என்று பேச்சு எடுத்தால் யாராவது இந்தக் கதையைச் சொல்லிவிடுகிறார்கள். கதை உண்மைதான். ஆனால் அதிலிருந்து எல்லோரும் எடுத்துக்கொள்ளும் பாடம் தப்பு என்று எனக்குப் படுகிறது. அதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

முதலில் கதை. சிச்சுவான் மாகாணத் தலைநகர் செங்டுவில் 'ஏழாம் எண் உயர்நிலைப் பள்ளி' என்று ஒன்று இருக்கிறது. சீனாவின் பெயர்பெற்ற பள்ளிகளில் ஒன்று. 2002லிருந்து ஒரு நிறுவனத்தோடு சேர்ந்து தன் வகுப்புகளை நேரலையாக மற்ற பள்ளிகளுக்கு அனுப்பி வந்தது. கட்டுரை வந்தபோது பின்தங்கிய பகுதிகளில் 248 பள்ளிகள் அந்த வகுப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்று யுன்னான் மாகாணத்தின் லூச்சுவான் கவுண்டியில் இருக்கிறது. யி, மியாவ் இன மக்கள் வாழும் மலைப்பகுதி. பல வருடங்கள் நாட்டின் வறிய கவுண்டிகள் பட்டியலில் இருந்த இடம். சீனாவில் கவுண்டி என்பது நம்ம வட்டத்தை விடப் பெரிசு, மாவட்டத்தை விடச் சிறிசு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முறை எளிமையானது. அங்கே ஆசிரியர் பாடம் நடத்துகிறார், இங்கே லூச்சுவான் மாணவர்கள் அதே நேரத்தில் திரையில் பார்க்கிறார்கள். பாடத் தயாரிப்பு, வகுப்பு, வீட்டுப்பாடம், தேர்வு நான்கும் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில். கட்டுரை தரும் கணக்கு: 16 ஆண்டுகளில் 72 ஆயிரம் மாணவர்கள் இப்படி மூன்று வருட உயர்நிலைப் படிப்பை முடித்திருக்கிறார்கள். அதில் 88 பேர் சிங்குவா, பீகிங் பல்கலைக்கழகங்களுக்குப் போனார்கள். பெரும்பாலானோர் ஏதோ ஒரு பட்டப்படிப்பில் சேர்ந்தார்கள்.

இந்த 88 என்ற எண்தான் ஊரெல்லாம் சுற்றியது. அதைக் கொஞ்சம் நிறுத்திப் பார்ப்போம்.

அதே கட்டுரையில் இன்னொரு எண் இருக்கிறது. செங்டு பள்ளியிலிருந்து முந்தைய ஒரே ஆண்டில் அந்த இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் போனவர்கள் 70 பேருக்கு மேல். அதாவது அனுப்புகிற ஒரு பள்ளி ஒரே வருடத்தில் செய்ததை, வாங்குகிற பள்ளிகள் எல்லாம் சேர்ந்து செய்ய 16 வருடம் ஆகியிருக்கிறது. ஆண்டுக்குச் சராசரி ஐந்தாறு பேர். வறிய பள்ளிகளைச் செங்டுவோடு ஒப்பிடுவது அநியாயம்தான், ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் எதோடு ஒப்பிட வேண்டும்? கட்டுரை அதைச் சொல்லவே இல்லை.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. செயலியில் புதிதாக ஒரு வசதி சேர்த்தால், பாதிப் பேருக்கு மட்டும் காட்டுவோம். மீதிப் பாதியோடு ஒப்பிட்ட பிறகுதான் "இதனால்தான் ஏறியது" என்று வாயைத் திறப்போம். இல்லையென்றால் தீபாவளி விற்பனையில் ஏறியதை எல்லாம் நம் பொத்தானின் நிறத்துக்கு வரவு வைத்துவிடுவோம்.

இங்கேயும் ஒரு தீபாவளி நடந்தது. 1999லிருந்து சீனா உயர்கல்வி இடங்களைத் தாறுமாறாகக் கூட்டியது. 2002ல் நுழைவுத் தேர்வு எழுதியவர்கள் சுமார் 51 லட்சம், இடம் கிடைத்தவர்கள் சுமார் 32 லட்சம். 2018ல் எழுதியவர்கள் 97.5 லட்சம், இடம் கிடைத்தவர்கள் சுமார் 79 லட்சம். பத்துக்கு ஆறு என்பது பத்துக்கு எட்டானது. திரையே இல்லாத பள்ளியிலும் இந்த 16 ஆண்டுகளில் கல்லூரிக்குப் போனவர்கள் எண்ணிக்கை ஏறியிருக்கும். ஏறியதில் எவ்வளவு திரையால், எவ்வளவு இந்த அலையால் என்று பிரிக்காமல் "பெரும்பாலானோர் பட்டப்படிப்புக்குப் போனார்கள்" என்று சொன்னால் அதில் பாதித் தகவல்தான் இருக்கிறது.

சரி, எண்களை விடுங்க. கட்டுரையின் சிறந்த பகுதியே எண்கள் இல்லாத பகுதிதான். அந்த நிருபர் நேரில் போய்ப் பார்த்து எழுதியிருக்கிறார். திரை வந்த புதிதில் மாணவர்களுக்குப் பாடம் புரியவில்லை, அழுதார்கள் என்று எழுதுகிறார். செங்டுவில் ஆங்கில வகுப்பு ஆங்கிலத்திலேயே ஓடும். இந்தப் பக்கம் பிள்ளைகள் என்ன நடக்கிறதென்றே தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளூர் ஆசிரியர்களில் சிலர் எதிர்ப்பு தெரிவித்துப் புத்தகத்தைக் கிழித்தார்கள். ஒருவர் ஒரு வாரம் விடுப்புப் போட்டுவிட்டு, பிள்ளைகளே திரையைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

நான் திரும்பத் திரும்ப யோசித்தது இந்த இடத்தைப் பற்றித்தான். தலைப்பு திரையைப் புகழ்கிறது. உள்ளே இருக்கிற விவரங்கள் வேறு கதை சொல்கின்றன. நேரலை வகுப்பு யாருக்காகவும் நிற்காது. "சார், இன்னொரு தடவை சொல்லுங்க" என்று லூச்சுவான் பையன் கை தூக்கினால் செங்டுவில் யாருக்கும் தெரியாது. அந்தக் கை திரைக்கு இந்தப் பக்கம் இருக்கிற ஆசிரியருக்கு மட்டும்தான் தெரியும். வகுப்புக்கு முன்னால் அடிப்படையைச் சொல்லிக்கொடுப்பது, முடிந்த பிறகு விட்டதைப் பிடிப்பது, வேகத்துக்கு ஈடு கொடுக்க முடியாதவர்களைத் தனியே உட்கார வைப்பது எல்லாம் அவர் தலையில்தான். இந்த ஏற்பாட்டில் அவருடைய வேலை குறையவே இல்லை. கூடத்தான் செய்தது. ஒரு வாரம் விடுப்புப் போட்ட ஆசிரியர் தன்னை அறியாமலே ஒரு சோதனை நடத்தியிருக்கிறார்: திரை மட்டும் போதுமா என்று. போதும் என்று யாரும் சொல்லவில்லையே!

படிப்பவர்கள் கவனிக்காமல் விடுகிற இன்னொன்று, அந்த வகுப்பறைக்குள் யார் இருக்கிறார்கள் என்பது. இது உயர்நிலைப் பள்ளி. சீனாவில் ஒன்பதாம் வகுப்பு முடிவில் ஒரு தேர்வு. அதில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் தொழிற்கல்விக்கோ வேலைக்கோ போய்விடுவார்கள், கிராமங்களில் இன்னும் அதிகம். ஸ்காட் ரோசெல், நடாலி ஹெல் இருவரும் எழுதிய 'கண்ணுக்குத் தெரியாத சீனா' என்ற 2020ம் வருடப் புத்தகம் இதைப் பற்றித்தான். சீனாவின் உழைக்கும் மக்களில் உயர்நிலைப் படிப்பைத் தொட்டவர்கள் சுமார் 30 சதவீதம்தான் என்பது அதன் மையமான எண். திரை வருவதற்கு முன்பே பெரிய வடிகட்டல் முடிந்துவிட்டது.

அந்த வடிகட்டலில் மேலே நிற்பவர்களையும் நகரத்துப் பள்ளிகள் வந்து அள்ளிக்கொண்டு போய்விடும். லூச்சுவானின் நல்ல மாணவர்கள் குன்மிங்குக்குப் போவது கட்டுரையிலேயே வருகிறது. இது நாடு முழுக்க இருக்கிற வியாதி. 2021 டிசம்பரில் சீனக் கல்வி அமைச்சகமும் மற்ற துறைகளும் சேர்ந்து வெளியிட்ட கவுண்டிப் பள்ளிகளுக்கான திட்டம், எல்லை தாண்டி நல்ல மாணவர்களைக் கொத்திக்கொண்டு போவதைக் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும் என்கிறது. அதாவது, ஒரு கையால் நகரம் கவுண்டியின் மாணவர்களை எடுத்துக்கொள்கிறது, இன்னொரு கையால் பாடத்தை ஒளிபரப்புகிறது. கட்டுரை இரண்டாவது கையை மட்டும் படம் பிடித்தது.

அப்போ தொழில்நுட்பமே வேண்டாமா? அதுவும் இல்லை. 2004லிருந்து சீன அரசு கிராமப்புறப் பள்ளிகளுக்குச் செயற்கைக்கோள் வழியாகவும் கணினிகள் மூலமாகவும் நல்ல ஆசிரியர்களின் பாடங்களைக் கொண்டுபோனது. 10 கோடிக்கும் மேற்பட்ட மாணவர்களைத் தொட்ட திட்டம். பியாங்கி, லூ, சாங் என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் அந்தப் பிள்ளைகள் வளர்ந்த பிறகு அவர்களைப் பற்றிய தரவை எடுத்து, திட்டம் எட்டாதவர்களோடு ஒப்பிட்டார்கள். மொழி, கணிதம் இரண்டிலும் முன்னேற்றம், பிற்காலத்தில் வருமானத்திலும் வித்தியாசம். இதை நான் நம்புகிறேன், ஏனென்றால் இங்கே ஒப்பீடு இருக்கிறது. முக்கியமான வித்தியாசம் ஒன்று: வகுப்பே அங்கிருந்து வந்து இறங்குவது வேறு, பதிவான பாடத்தை உள்ளூர் ஆசிரியர் தன் வகுப்புக்குள் தேவைப்படும்போது எடுத்துக்கொள்வது வேறு. இரண்டாவதில் நிறுத்தும் பொத்தான் அவர் கையில்.

கடைசியாக ஒரு ஆய்வு. 2014ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. கான்சு, ஷான்சி மாகாணங்களின் கிராமப்புறப் பள்ளிகளில் பார்வைக் குறை உள்ள பிள்ளைகளுக்கு இலவசமாகக் கண்ணாடி கொடுத்துப் பார்த்தார்கள். கண்ணாடி தேவைப்பட்டவர்களில் ஏற்கெனவே போட்டிருந்தவர்கள் மிகக் குறைவு. கொடுத்த பிறகு கணித மதிப்பெண் ஏறியது. செலவு ஒரு கண்ணாடிதான்.

இதைப் படித்த பிறகு அந்த 10 கோடி யுவானை வேறு மாதிரி யோசிக்கிறேன். திரை வாங்கலாம், தப்பில்லை. ஆனால் பணம் கொடுப்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று இருக்கின்றன. பின்பெஞ்சில் இருக்கிற பிள்ளைக்குத் திரை தெரிகிறதா? புரியாதபோது அவளுக்காக வகுப்பை நிறுத்த அறைக்குள் யாராவது இருக்கிறார்களா? அந்த ஆளுக்குச் சம்பளம், பயிற்சி, மரியாதை மூன்றும் கிடைக்கிறதா?

கட்டுரையை இன்னும் படிக்காதவர்கள் தேடிப் படியுங்கள், நல்ல எழுத்து. தலைப்பை மட்டும் மறந்துவிட்டுப் படியுங்கள்.